ஓட வைப்பது தரை

இந்த மாசி மாதம் முழுக்க, விடியற்காலையில் அக்காவின் மகளைக் கூட்டிக்கொண்டு திருகோணமலை உப்புவெளிக் கடற்கரைக்குப் போய் வந்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. இல்ல விளையாட்டுப் போட்டியில் 100 மீற்றர் ஓட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். முதல் நாள் காய்ந்த மணலில் ஓடினாள். முப்பது மீற்றர் போயிருப்பாள், அதற்குள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

"கால் ஓடுது மாமா, நான்தான் போகேல்லை."

களைப்பில் வந்த பேச்சுத்தான். ஆனால் நியூற்றன் 1687இல் வெளியிட்ட இயக்க விதிகளின் சாரத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. காலை அசைப்பது அவள் வேலை. அவளை முன்னே கொண்டுபோவது வேறொன்றின் வேலை. அது எது என்று விளங்கிவிட்டால் ஓட்டம், பாய்ச்சல், எறிதல், பந்து பிடித்தல் எல்லாவற்றையும் ஒரே திறப்பால் திறக்கலாம்.

அலை நனைத்துக் கெட்டியாக்கிய ஓரத்து மணலுக்கு அவளை மாற்றினேன். அதே கால், அதே காலைநேரம், அதே வெறும் வயிறு. இப்போது ஓட்டத்தில் ஒரு துள்ளல் வந்துவிட்டது. அடுத்த கிழமை மைதானத்துப் புல்தரையில் ஓடியபோது இன்னும் வேகம். மாறியது காலுக்குக் கீழே இருந்த தரை மட்டும்தான்.

மூன்றாம் விதியிலிருந்து தொடங்குவோம்

பாடப்புத்தகத்தில் முதலாம் விதி முதலில் வரும். விளையாட்டைப் பற்றிப் பேசும்போது மூன்றாம் விதியைத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். நீங்கள் ஒன்றைத் தள்ளினால், அதுவும் அதே அளவு விசையோடு உங்களை எதிர்த்திசையில் தள்ளும். தாக்கமும் மறுதாக்கமும் என்று பள்ளியில் படித்தது இதைத்தான்.

இதற்குள் இன்னொரு உண்மை இருக்கிறது. யாராலும் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போக முடியாது. தோணிக்குள் இருந்தபடி அதன் முன்பக்க அணியத்தைத் தள்ளிப் பாருங்கள், தோணி கரையை விட்டுப் போகாது. ஒரு நீண்ட கம்பை எடுத்து ஆழமில்லாத இடத்தில் கடலடியில் ஊன்றிப் பின்னுக்குத் தள்ளினால் தோணி முன்னே போகும். ஓடுகிறவரும் அப்படித்தான். அவர் கால் தரையைக் கீழுக்கும் பின்னுக்கும் தள்ளுகிறது. தரை அவரை மேலுக்கும் முன்னுக்கும் தள்ளுகிறது. நீந்துகிறவருக்குத் தண்ணீர், வழுக்கு மரம் ஏறுகிறவருக்கு மரம். எல்லோருக்கும் வெளியே ஏதோ ஒன்று தேவை.

காய்ந்த மணலிலும் விதி பிழைக்கவில்லை. கால் தள்ளும்போது மணல் விலகிக் கொடுத்துவிடுகிறது. விலகிப் போகிற பொருளை வலுவாகத் தள்ள முடியாது. தொங்கும் சீலையைக் குத்துவதற்கும் மதிலைக் குத்துவதற்கும் உள்ள வித்தியாசம் அது. நாம் கொடுப்பது குறைந்தால் திரும்பி வருவதும் குறையும். மிச்சச் சக்தி மணலைக் கிளறுவதில் போய்விடும். மூச்சு வாங்கியது, ஆனால் ஆள் போகவில்லை.

இந்த இடத்தில் பிள்ளைகள் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார்கள். நல்ல கேள்வி. தாக்கமும் மறுதாக்கமும் சமம், எதிர்த்திசை என்றால் ஒன்றையொன்று வெட்டிவிடாதா? பிறகு எப்படி எதுவும் நகரும்? வெட்டாது, ஏனென்றால் இரண்டும் ஒரே பொருளில் தாக்குவதில்லை. கால் கொடுத்த விசை பூமியில் தாக்குகிறது, பூமி கொடுத்த விசை அவளில் தாக்குகிறது. அவளைப் பற்றிக் கணக்குப் பார்க்கும்போது அவளில் தாக்கும் விசைகளை மட்டும்தான் கூட்ட வேண்டும். பூமியும் அந்த உதைக்குப் பின்னால் நகரத்தான் செய்கிறது. அதன் திணிவு அவ்வளவு பெரிது என்பதால் அந்த நகர்வை எந்தக் கருவியாலும் அளக்க முடியாது.

கரைவலையும் கயிறு இழுத்தலும்

கயிறு இழுத்தலில் வென்ற அணி கயிற்றைக் கூடுதலாக இழுத்தது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் கயிற்றின் இரண்டு முனையிலும் உள்ள இழுவை ஏறத்தாழ ஒன்றுதான். ஒரு அணி இழுக்கிற அளவு விசையைத்தான் மற்ற அணியும் கயிற்றில் உணரும். வெற்றியைத் தீர்மானிப்பது பாதம். எந்த அணி தரையை வலுவாகத் தள்ளுகிறதோ அந்த அணியைத் தரை வலுவாகப் பின்னுக்குத் தள்ளும்.

எங்கள் கரையில் கரைவலை இழுக்கிறவர்களை ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். இந்தப் பாடத்தை அவர்களைவிட நன்றாக நடத்த யாரும் இல்லை. உடம்பு பின்னுக்குச் சாய்ந்திருக்கும். முழங்கால் மடிந்து இடுப்பு இறங்கியிருக்கும். குதிக்கால் மணலைத் தோண்டிப் புதைந்திருக்கும். ஒரு அடி பின்வைக்கும்போது பழைய குழியை விட்டுப் புதுக் குழி தோண்டி, அதன் சுவரில் காலை முட்டுக் கொடுத்த பிறகுதான் அடுத்த இழுவை. வெறும் மணல் காலைத் தாங்காது என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் தள்ளுவதற்கு ஒரு சுவரை அவர்களே செய்துகொள்கிறார்கள். அப்புறம் அம்பாப் பாட்டு. பாட்டின் தாளத்தில் எல்லோருடைய இழுவையும் ஒரே கணத்தில் விழுகிறது. இருபது பேர் இருபது நேரத்தில் இழுத்தால் வலை அசையாது. ஒரே நேரத்தில், ஒரே திசையில் விழும் விசைகள்தான் கூடிப் பெரிதாகும். பாடசாலை அணிக்குக் கயிறு இழுத்தல் பழக்குகிறவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: தாழ்ந்த இடுப்பு, புதைந்த குதிக்கால், ஒரே குரல்.

தரை வழுக்காமல் பிடித்துக்கொள்வதற்குப் பெயர் உராய்வு. பிள்ளைகளுக்கு உராய்வு என்றால் இயக்கத்தைத் தடுக்கும் வில்லன் என்ற எண்ணம் இருக்கிறது. ஓட்டக்காரருக்கு அதுதான் துணை. உராய்வு இல்லாவிட்டால் பின்னுக்குத் தள்ளவே முடியாது. பிரெட்றிக் கோட்டைப் புல்லில் அம்பு மாதிரிப் பாயும் மான், தார் றோட்டில் அவசரமாகத் திரும்பினால் குளம்பு வழுக்கித் தடுமாறும். ஸ்பைக்ஸ் சப்பாத்தின் முட்கள் செய்வதும் கரைவலைக்காரரின் குதிக்கால் செய்வதும் ஒரே வேலை. தரையை அழுத்தும் விசை கூடினால் உராய்வின் உச்ச அளவும் கூடும். அதனால் கயிறு இழுத்தலில் பாரமான அணிக்கு அனுகூலம் உண்டு. பெரிய போட்டிகளில் அணியின் மொத்த நிறையைப் பார்த்துப் பிரிவு வகுப்பது அதற்காகத்தான். சித்திரைப் புத்தாண்டு விளையாட்டில் வழுக்கு மரத்துக்குக் கொழுப்புப் பூசுவது இதற்கு நேர் எதிர். கையில் பலம் எவ்வளவு இருந்தாலும் மரம் பிடிகொடுக்காது.

மணல் எழுதி வைத்தது

ஈரமணலில் ஓடவிட்டதில் நான் எதிர்பாராத ஒரு பலன் கிடைத்தது. மைதானத்தில் விசையைக் கண்ணால் பார்க்க முடியாது. ஈரமணல் அதை அச்சடித்து வைத்திருக்கும்.

மருமகள் ஓடி முடித்ததும் அவள் கால்தடங்களை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தோம். முதல் பத்து மீற்றரில் எல்லாத் தடமும் ஒரே மாதிரி: விரல் பக்கம் ஆழமான குழி, குதிக்கால் பக்கம் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை, குழிக்குப் பின்னால் வாரி எறிந்த மணல். கால் மணலைப் பின்னுக்குத் தள்ளியிருக்கிறது, மணல் அவளை முன்னுக்குத் தள்ளியிருக்கிறது. சரி. நாற்பது மீற்றர் தாண்டியதும் தடம் மாறத் தொடங்கியது. குதிக்கால் ஆழமாகப் பதிந்து, தடத்துக்கு முன்பக்கம் மணல் ஒரு சின்ன வரம்பு மாதிரி ஒதுங்கி நின்றது. முன்பக்கம் மணல் ஒதுங்கியிருந்தால் கால் மணலை முன்னுக்குத் தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அப்படியென்றால் மணல் அவளைப் பின்னுக்குத் தள்ளியிருக்கும். ஒவ்வொரு அடியிலும் பிறேக் போட்டுக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

காரணம் எங்களிடம்தான் இருந்தது. மைதான ஓரத்தில் நிற்கும் பெரியவர்கள் நாங்கள் என்ன கத்துவோம்? "எட்டி வை! பெரிய எட்டா வை!" பிள்ளை அதைக் கேட்டுக் காலை உடம்புக்கு வெகு முன்னே நீட்டி ஊன்றும். இடுப்புக்கு முன்னே தூரத்தில் ஊன்றிய கால், அந்தக் கணத்தில் உடம்புக்கு முட்டுக்கட்டை. எட்டின் நீளம் கூடினால் வேகம் கூடும் என்பது பொய்யில்லை. ஆனால் அந்த நீளம் பின்னால் வலுவாக உதைத்ததன் பலனாக, காற்றில் மிதக்கும் தூரமாக வர வேண்டும். முன்னே காலை நீட்டி அதைச் சம்பாதிக்க முடியாது. முழு வேகத்தில் ஓடும் எவருக்கும் கால் தரையைத் தொட்ட முதல் கணத்தில் கொஞ்சம் பிறேக் விழத்தான் செய்யும். அதை எவ்வளவு குறைக்கலாம் என்பதில்தான் பயிற்சியே இருக்கிறது. பாதம் இடுப்புக்குக் கீழே, கிட்டவாக விழ வேண்டும். அன்றிலிருந்து நான் அந்த வார்த்தையைக் கத்துவதில்லை. மற்றவர்களும் விட்டுவிட வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன், எத்தனையோ பிள்ளைகளின் ஓட்டத்தை அது கெடுக்கிறது.

எவ்வளவு, எவ்வளவு நேரம்

இரண்டாம் விதிக்கு வருவோம். விசை = திணிவு × ஆர்முடுகல். ஒரு பொருளின் வேகம் எவ்வளவு சீக்கிரம் மாறுகிறது என்பதுதான் ஆர்முடுகல். அதிக விசை கொடுத்தால் சீக்கிரம் மாறும், திணிவு அதிகமென்றால் மெதுவாக மாறும்.

சொற்களைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். இலங்கைப் பாடப்புத்தகத்தில், ஒரு பொருளில் அடங்கியிருக்கும் சடத்தின் அளவு திணிவு. அதைப் பூமி இழுக்கும் விசை நிறை. தமிழ்நாட்டில் முதலாவது நிறை, இரண்டாவது எடை. அதாவது நிறை என்ற ஒரே சொல், கடலுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருளிலும் அந்தப் பக்கம் வேறு பொருளிலும் வழங்குகிறது. நம்முடைய ஆர்முடுகல் அங்கே முடுக்கம். நம்முடைய சடத்துவம் அங்கே நிலைமம். காணொளி பார்த்துப் படிக்கும் எங்கள் பிள்ளைகள் பலர் விதி விளங்கியும் சொல்லில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். இந்த நாலு சொல்லையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தால் போதும்.

இப்போது ஒரு கணக்கு. 50 கிலோகிராம் திணிவுள்ள நல்ல ஓட்டக்காரி ஒருத்தி, தொடக்கக் கட்டையை 0.4 செக்கன் தள்ளி, செக்கனுக்கு 3 மீற்றர் வேகத்தோடு புறப்படுகிறாள் என்று வைப்போம். ஆர்முடுகல் 3 ÷ 0.4 = 7.5. விசை 50 × 7.5 = 375 நியூற்றன். அவளுடைய நிறை சுமார் 490 நியூற்றன். தன் நிறையின் முக்கால் பங்கு விசையைக் கிடையாகக் கட்டையில் கொடுத்திருக்கிறாள். நிமிர்ந்து நின்றபடி இவ்வளவு விசையைக் கொடுத்தால் கால் முன்னே போய் உடம்பு மல்லாக்க விழும். குனிந்து, கையை ஊன்றி, உடம்பைச் சரித்துத் தொடங்குவது அதற்காகத்தான். தரை கொடுக்கும் தள்ளல் உடம்பின் புவியீர்ப்பு மையத்தை, அதாவது உடம்பின் பாரம் முழுக்க ஒன்றுகூடியதாகக் கொள்ளும் புள்ளியை, ஒட்டிப் போக வேண்டும். அப்போதுதான் அது உடம்பைக் கவிழ்க்காமல் முன்னே கொண்டுபோகும்.

வேகம் ஏறிய பிறகு கதை மாறுகிறது. முழு வேகத்தில் ஒரு அடிக்குப் பாதம் தரையில் இருப்பது செக்கனின் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதற்குள் உடம்பின் நிறையைப் போல இரண்டு மடங்கு விசையைத் தரையில் இறக்கினால்தான் அடுத்த எட்டுக்கு உடம்பு எழும்பும். கால் பலம் மட்டும் இதற்குப் போதாது. அந்தப் பலத்தை அவ்வளவு குறுகிய நேரத்தில் இறக்கத் தெரிய வேண்டும். கயிறடித்தல், துள்ளல் பயிற்சி எல்லாம் இதற்குத்தான்.

விசையையும் அது தாக்கும் நேரத்தையும் பெருக்கி வருவதற்குக் கணத்தாக்கு என்று பெயர். அந்தக் கணத்தாக்கு எவ்வளவோ, உந்தமும் அவ்வளவு மாறும். உந்தம் என்பது திணிவையும் வேகத்தையும் பெருக்கியது. இந்த ஒரே வசனம் விளையாட்டில் இரண்டு விதமாக வேலை செய்கிறது.

கடினப் பந்தில் கட்ச் பிடிக்கிறவர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு பிடிப்பார். பந்து 160 கிராம் அளவு. மணிக்கு 90 கிலோமீற்றரில், அதாவது செக்கனுக்கு 25 மீற்றரில் வருகிறது என்று வைப்போம். கையை விறைப்பாக வைத்தால் பந்து இரண்டரை சென்றிமீற்றருக்குள் நின்றுவிடும். கணக்குப் போட்டால் சராசரி விசை 2000 நியூற்றன் வருகிறது, ஏறத்தாழ 200 கிலோ பாரம் கையில் இருப்பது மாதிரி. விரல் உடைவது இப்படித்தான். கையைப் பந்தோடு சேர்த்து 25 சென்றிமீற்றர் பின்னுக்கு விட்டால் விசை 200 நியூற்றன், பத்தில் ஒரு பங்கு. பந்து இழந்த உந்தம் இரண்டு தடவையும் ஒன்றேதான். நேரத்தை நீட்டியதால் விசை சுருங்கியது. மென்பந்தில் ஆடிப் பழகிய பிள்ளைகளுக்கு இந்தக் கை பின்னிழுப்பு வந்திருக்காது, ஏனென்றால் மென்பந்தே அமுங்கி அந்த நேரத்தைக் கொடுத்துவிடும். கடினப் பந்துக்கு மாறும்போது முதல் வேலையாக இதைப் பழக்க வேண்டும். பாய்ந்து இறங்கும்போது முழங்காலை மடிப்பதும், உயரம் பாய்தலுக்குத் தடித்த மெத்தை போடுவதும் இதே கணக்குத்தான்.

குண்டு எறிகிறவருக்கு மற்றப் பக்கம். அவருக்கு விசையைக் குறைக்கும் நோக்கம் இல்லை, அதைக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். நின்ற இடத்தில் நின்று கையை மட்டும் நீட்டினால் குண்டின் மேல் விசை தாக்கும் தூரம் ஒரு கைநீளம். அதனால்தான் வட்டத்தின் பின்பக்கம் முதுகைக் காட்டி, குனிந்து தொடங்கி, வழுக்கி முன்னே வந்து, கால், இடுப்பு, தோள், கை, விரல் என்று ஒன்றன்பின் ஒன்றாக விசையைச் சேர்க்கிறார்கள். வட்டத்தின் விட்டம் 2.135 மீற்றர். அவ்வளவு தூரத்தையும் வீணாக்காமல் குண்டைத் தள்ளிக்கொண்டே வர வேண்டும்.

நின்றது நிற்கும், ஓடுவது ஓடும்

முதலாம் விதியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வெளியிலிருந்து விசை தாக்காவிட்டால், நின்றது நின்றபடி இருக்கும், போகிறது அதே வேகத்தில் நேரே போகும். இந்தப் பிடிவாதக் குணம்தான் சடத்துவம்.

4×100 அஞ்சலோட்டத்தில் இதைப் பார்க்கலாம். கோல் வாங்குகிறவர் நின்றபடி வாங்கினால், நின்ற உடம்பை மறுபடி பூச்சியத்திலிருந்து கிளப்ப வேண்டும். அதனால் கோல் கொண்டு வருகிறவர் கிட்ட வருமுன்னமே இவர் ஓடத் தொடங்க வேண்டும். கோல் மாற்றுவதற்கு விதித்த வலயம் 30 மீற்றர். அதற்குள் இரண்டு பேரின் வேகமும் ஒன்றாகும் இடத்தில் கோல் கை மாற வேண்டும். நான்கு பேர் மாறினாலும் கோலின் வேகம் குறையக் கூடாது. பாடசாலைப் போட்டிகளில் நல்ல ஓட்டக்காரர் நாலு பேர் இருந்தும் தோற்கும் அணிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தோற்கின்றன.

கிளித்தட்டு ஆடியவர்களுக்குச் சடத்துவம் உடம்பிலேயே தெரியும். கோட்டில் மறித்து நிற்கிறவரின் முன்னால் இடப்பக்கம் தோளைச் சாய்த்துப் போகிற மாதிரிக் காட்டுவோம். அவர் உடம்பு அந்தப் பக்கம் கிளம்பிவிடும். கிளம்பிய உடம்பை நிறுத்தி மறுபக்கம் திருப்ப அவருக்குத் தரையிலிருந்து ஒரு பக்கவாட்டு விசை வேண்டும், நேரமும் வேண்டும். அந்த அரைக் கணத்தில் வலப்பக்கத்தால் தாண்டிவிடுவோம். ஏமாற்றுகிறவர் தோளைத்தான் அசைத்தார், இடுப்பை அசைக்கவில்லை. அவர் உடம்பின் பெரும்பகுதித் திணிவு நின்ற இடத்திலேயே இருந்தது. அதனால்தான் கெட்டிக்கார மறிப்பாளர் எதிராளியின் தோளையும் கண்ணையும் பார்க்க மாட்டார், இடுப்பைப் பார்ப்பார்.

காற்றும் ஒரு தரைதான்

தரையைப் போலக் காற்றும் நம்மைத் தள்ளும். ஓடுகிறவர் காற்றை முன்னுக்குத் தள்ளுகிறார், காற்று அவரைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இந்தத் தடை காற்றோடு ஒப்பிட்ட வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். செக்கனுக்கு 8 மீற்றரில் ஓடுகிறவருக்கு 2 மீற்றர் எதிர்க்காற்று இருந்தால் ஒப்பீட்டு வேகம் 10, வர்க்கம் 100. அதே காற்று முதுகுப் பக்கம் வந்தால் 6, வர்க்கம் 36. கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் முதுகுக் காற்று செக்கனுக்கு 2.0 மீற்றரைத் தாண்டினால் சாதனையாக ஏற்க மாட்டார்கள். வாடைக் காற்றும் கச்சான் காற்றும் மாறி மாறி அடிக்கும் எங்கள் ஊரில், காற்று எந்தப் பக்கம் என்று எழுதாமல் நேரத்தை மட்டும் எழுதி வைத்தால் அந்தக் குறிப்பு அரைக் குறிப்பு.

காற்று மெல்லியதானால் தடையும் குறையும். இலங்கையின் யுபுன் அபேகோன் 2022 யூலையில் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, 10 செக்கனுக்குக் கீழே ஓடிய முதல் தெற்காசியர் ஆனார். ஓடிய இடம் சுவிற்சர்லாந்தின் லா ஷோ-ட-பொன், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1000 மீற்றர் உயரம். அந்த உயரம் கொடுத்த உதவி சிறியது. சாதனை அவர் காலுக்கே உரியது. 1968இல் மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில் அமெரிக்கரான பொப் பீமன் 8.90 மீற்றர் நீளம் பாய்ந்தபோது அந்த நகரின் உயரம் 2200 மீற்றருக்கும் மேல்.

சுழலும் பந்து காற்றை ஒரு பக்கமாக வளைத்துத் தள்ளுகிறது, காற்று பந்தை மற்றப் பக்கம் தள்ளுகிறது. வளைந்து போகும் ஃப்ரீகிக்கும், வலையைத் தாண்டித் திடீரென்று கீழே விழும் கரப்பந்து சேர்வும், முத்தையா முரளிதரனின் பந்து தரையில் படுமுன்னமே காற்றில் இறங்கியதும் இதனால்தான். மறுபடி மூன்றாம் விதி.

பாய்ந்த பிறகு

நிலத்தை விட்டுக் கால் எழும்பியதும் தள்ளுவதற்கு ஒன்றும் இல்லை. காற்றில் கையைக் காலை என்ன செய்தாலும் உடம்பின் புவியீர்ப்பு மையம் போகும் பாதை மாறாது. அது கடைசி உதையிலேயே தீர்மானமாகிவிட்டது. பிறகு செய்ய முடிந்தது, அந்த மையத்தைச் சுற்றி உடம்பை எப்படி அடுக்குவது என்பது மட்டும்தான்.

யாழ்ப்பாணத்தின் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் 1958இல் ரோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து, ஆசிய விளையாட்டில் இலங்கைக்கு முதல் தங்கத்தைக் கொண்டு வந்தார். அந்தக் காலத்தில் பாய்ந்தவர்கள் பெரும்பாலும் மணலிலோ மரத்தூளிலோ விழ வேண்டும். காலால் இறங்காவிட்டால் அடிபடும். பத்து ஆண்டுகளுக்குப் பிறகு அமெரிக்கரான டிக் ஃபொஸ்பரி மெக்சிக்கோ நகர ஒலிம்பிக்கில் முதுகைக் கீழே போட்டுத் தடியைத் தாண்டி, 2.24 மீற்றரில் தங்கம் வென்றார். வில்லாக வளைந்த உடம்பில் புவியீர்ப்பு மையம் உடம்புக்கு வெளியே, முதுகுக்குக் கீழே போய்விடும். தலை, முதுகு, கால் ஒவ்வொன்றாகத் தடிக்கு மேலே போக, மையம் தடிக்குக் கீழாலேயே போகலாம். அதே உதையில் கூடுதல் உயரம். ஆனால் முதுகால் விழுகிற துணிவுக்கு நுரைமெத்தை வர வேண்டியிருந்தது. கட்ச் பிடிக்கும் கையின் கணக்கு உயரம் பாய்தலின் வடிவத்தையே மாற்றிவிட்டது என்று சொன்னால் மிகையில்லை. எதிர்வீரசிங்கத்தின் 2.03 எவ்வளவு பெரிய பாய்ச்சல் என்பது இதை விளங்கிக்கொண்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

நீங்களும் பார்க்கலாம்

வீட்டில் நிறை பார்க்கும் தராசு இருந்தால் அதில் ஏறி நின்று, சடாரென்று முழங்காலை மடித்துப் பாருங்கள். முள் ஒரு கணம் குறையும், கீழே இறங்குவதை நிறுத்தும் கணத்தில் ஏறும். எழும்பும்போது மறுபடி ஏறும். உங்கள் திணிவு மாறவில்லை. தராசை நீங்கள் தள்ளும் விசை மாறுகிறது, முள் அதைத்தான் காட்டுகிறது. முள்ளுள்ள பழைய தராசில் நன்றாகத் தெரியும், இலக்கத் தராசு அவ்வளவு வேகத்துக்கு ஈடுகொடுக்காது.

கடற்கரை கிட்ட இருந்தால் தடம் பார்ப்பது இன்னும் நல்லது. அலை இப்போதுதான் பின்வாங்கிய மணல் வேண்டும். சொதசொதவென்று இருக்கக் கூடாது, காய்ந்தும் இருக்கக் கூடாது. வெறுங்காலோடு முழு வேகத்தில் ஓடவிட்டு, ஒவ்வொரு தடத்திலும் மூன்று விடயம் பாருங்கள்: எந்த முனை ஆழம், மணல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது, ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு எத்தனை சாண். ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். இரண்டு கிழமை கழித்து மறுபடி பாருங்கள்.

மருமகளின் கொப்பியில் இப்போது பதினோரு நாள் குறிப்பு இருக்கிறது. குதிக்கால் குழிகள் நாற்பதாவது மீற்றரிலிருந்து எழுபதுக்குத் தள்ளிப் போய்விட்டன. ஒன்று மட்டும் மிச்சம்: வலது காலின் எட்டு இடது காலின் எட்டைவிட எப்போதும் அரைச் சாண் குறைவு. போன வருடம் இடது கணுக்கால் பிரண்டது, வலது எட்டுக்கு உதை கொடுக்க வேண்டிய அந்தக் கால் இன்னும் முழுதாக உதைக்கவில்லை போல என்று நான் சொன்னேன். அவள் குனிந்து இடது காலின் விரல் குழிகளில் ஈர்க்கை விட்டு ஆழம் அளந்துகொண்டிருந்தாள்.